பாட்டிலை மறுத்த குழந்தை டம்ளரில் குடிக்கப் பழகியது: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையை ஒட்டிய ஊரில் குழந்தைகள் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் தாய்ப்பால் ஆலோசகராக இருக்கிறேன். அங்கே பார்த்த ஒரு குழந்தையின் விவரம் இது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன்.

பின்னணி

தாய்க்கு 28 வயது. ஒரு சிறிய தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. முதல் குழந்தை, பெண். நிறைமாதத்தில் சுகப்பிரசவம், பிறந்த எடை 2.9 கிலோ. முதல் நாளிலிருந்தே தாய்ப்பால் மட்டும்தான். பால் சுரப்பிலோ குழந்தையின் வளர்ச்சியிலோ எந்தக் குறையும் இல்லை.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டப்படி அவருக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. கால் வீக்கம் அதிகமாக இருந்ததால் பிரசவத்துக்கு முன்பே அதில் ஆறு வாரம் கழிந்துவிட்டது. மிச்சம் 20 வாரம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குழந்தைக்கு நாலரை மாதம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட வேண்டும் என்றது அலுவலகம். இடையில் விழுந்த ஒன்றரை மாத இடைவெளிதான் பிரச்சினைக்கு வேர். குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டிய கட்டாயம் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். இவருடைய அலுவலகத்தில் அவ்வளவு பேர் இல்லை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அதனால் மதியம் வீட்டுக்கு வந்து பால் கொடுக்கவும் வழியில்லை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போவது அப்பத்தா, அதாவது கணவரின் தாய்.

வந்தபோது கண்டது

வேலைக்குத் திரும்ப மூன்று வாரம் இருக்கும்போது வந்தார்கள். குழந்தையின் எடை 6.2 கிலோ, வயதுக்குச் சரியான எடை. மூன்றாம் மாதத்திலிருந்தே பாட்டில் பழக்க முயன்றிருக்கிறார்கள். விதவிதமான நிப்பிள்கள் பையில் இருந்தன: வட்டமானது, தட்டையானது, மார்பகம் போலவே இருக்கும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தது. தாய் கொடுத்துப் பார்த்தார், தந்தை கொடுத்துப் பார்த்தார், பக்கத்து வீட்டுப் பெண்ணும் கொடுத்துப் பார்த்தார். முதலில் நிப்பிளை நாக்கால் வெளியே தள்ளிய குழந்தை, பிறகு ஓங்கரிக்க ஆரம்பித்தது. நாங்கள் பார்த்தபோது பாட்டில் கண்ணில் பட்டாலே முதுகை வளைத்து அழுதது. பாட்டில் கொடுப்பது போல மல்லாத்திப் பிடித்தால், கையில் ஒன்றும் இல்லாதபோதுகூட முகத்தைத் திருப்பியது. தாயின் மார்பில் மட்டும் வழக்கம்போலக் குடித்தது.

"பசித்தால் தானாகக் குடிக்கும்" என்ற அறிவுரையை இவர்களும் கேட்டிருந்தார்கள். ஒருநாள் காலையிலிருந்து மாலை வரை தாயை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பாட்டிலை மட்டும் நீட்டியிருக்கிறார்கள். குழந்தை கிட்டத்தட்ட ஒன்றுமே குடிக்கவில்லை. அழுது அழுது தூங்கிவிட்டது. பாட்டில் மீதான வெறுப்பு முற்றியது அன்றைக்குத்தான் என்று தாய் சொன்னார். இன்னொரு தடவை நிப்பிளில் தேன் தடவிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளம் குடலில் வளர்ந்து தசைகளைத் தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கலாம் என்று மருத்துவர் அப்போதே அழுத்திச் சொன்னார். வாயில் வெண்புண், நாக்கு ஒட்டு, காது வலி, மூக்கடைப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார். எதுவும் இல்லை.

பாட்டிலா, பாலா?

குழந்தை பாட்டிலை மறுக்கிறது என்று வருகிற எல்லோரும் சொல்வார்கள். மறுப்பது பாத்திரத்தையா உள்ளே இருக்கும் பாலையா என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் வழக்கம். தாயை அங்கேயே கொஞ்சம் பீய்ச்சி எடுக்கச் சொல்லி, ஸ்பூன் நுனியில் தொட்டு உதட்டில் வைத்தோம். குழந்தை நக்கிவிட்டு அடுத்ததற்கு வாய் திறந்தது. மறுநாள் வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு நாளாக இருந்த பாலைக் கொண்டுவரச் சொல்லி, வெதுவெதுப்பாக்கி, அதே ஸ்பூனில் கொடுத்தோம். முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டது.

தாயை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "சோப்பு வாசனை அடிக்குதே சிஸ்டர்" என்றார்.

இது கெட்டுப்போன பால் அல்ல. தாய்ப்பாலில் லிப்பேஸ் என்ற நொதி இருக்கிறது. கொழுப்பை உடைத்துச் செரிக்க உதவுவது அதுதான். சில தாய்மாரின் பாலில், எடுத்து வைத்த பிறகும் அது வேலையைத் தொடர்வதால் சோப்பு போலவோ துரு போலவோ ஒரு வாசனை வந்துவிடும். குடித்தால் தீங்கில்லை, பல குழந்தைகள் கண்டுகொள்வதும் இல்லை. இந்தக் குழந்தை கண்டுகொண்டது. ஃப்ரீசரில் மாதக்கணக்காகச் சேர்த்திருந்த பைகள் எல்லாவற்றிலும் அதே வாசனை.

ஆகச் சிக்கல் இரண்டு. மார்பில் குடித்துப் பழகிய வாய்க்கு ரப்பர் பிடிக்கவில்லை. அந்த ரப்பர் வழியாக வந்த பாலும் பிடிக்கவில்லை. நிப்பிளை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் தீராது என்பது அப்போதுதான் வீட்டாருக்குப் புரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் வேலையாகப் பாட்டில்களை எல்லாம் கட்டி மேலே போடச் சொன்னோம். சில நாள் எந்தப் பாத்திரத்தையும் வாய்க்கருகே கொண்டுபோகக் கூடாது. நாள் குறைவாக இருக்கும்போது இப்படிச் சும்மா இருப்பது தந்தைக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் எதை நீட்டினாலும் அழும் குழந்தைக்கு இன்னொரு பாத்திரத்தை நீட்டினால் அதையும் பாட்டிலின் கணக்கில்தான் சேர்த்துக்கொள்ளும்.

அடுத்தது, பாட்டிலை விட்டுவிட்டு நேராகத் திறந்த கிண்ணத்துக்குப் போவது. குறைமாதக் குழந்தைகளுக்கே கிண்ணத்தில் கொடுக்கிறார்கள். நாலு மாதக் குழந்தைக்கு அது பெரிய விஷயமில்லை. கழுவுவதும் சுலபம்: மூலை முடுக்கு இல்லாத பாத்திரம், சோப்பு போட்டுத் தேய்த்துக் கொதிக்கவைத்தால் போதும். நிப்பிள் ஓட்டையிலும் பாட்டில் கழுத்திலும் தங்கும் பால்தான் எத்தனையோ வீடுகளில் வயிற்றுப்போக்குக்குக் காரணம். பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும், பிள்ளை பிறந்ததும் பரிசாக வருவது பாட்டில் செட்டாகத்தான் இருக்கிறது. மூக்கு வைத்த மூடி டம்ளர் வாங்கலாமா என்று தாய் கேட்டார். அதிலும் உறிஞ்சவோ கடிக்கவோ வேண்டும். இந்தக் குழந்தை மறுப்பது அதைத்தான். அதனால் வேண்டாம் என்றோம்.

பாலைப் பற்றிய முடிவு இது. காலையில் கிளம்பும் முன் எடுக்கும் பால் பகலின் முதல் வேளைக்கு, அப்படியே. அலுவலகத்தில் எடுப்பதை ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுவந்து, வாசனை வருவதற்குள் அன்று மாலையே அடுப்பில் லேசாகச் சூடாக்க வேண்டும். ஓரத்தில் சிறு குமிழ்கள் தோன்றியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக்கூடாது. உடனே குளிரவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளுக்கு ஆகும். சூடு அந்த நொதியை அடக்கிவிடும். நோய் எதிர்ப்புச் சத்தில் கொஞ்சம் குறையும்தான், ஆனால் குழந்தை குடிக்காத பாலில் எவ்வளவு சத்து இருந்து என்ன? நேரடியாக மார்பில் குடிக்கும் வேளைகளும் இருக்கவே இருக்கின்றன. வெளியே வைத்த பாலை நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், குடித்து மீந்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்தோம். மதுரை வெயிலில் நான்கு மணி நேரம் என்பதே அதிகபட்சம்.

ராகிக் கூழை இப்போதே ஆரம்பித்துவிடலாமே, தண்ணீர் கலந்த பசும்பால் கொடுக்கலாமே என்ற யோசனைகளும் வந்தன. ஆறு மாதம் முடியட்டும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார்.

அப்பத்தாவின் பாலாடை

இந்த நிகழ்வில் எனக்கு அதிக நேரம் பிடித்தது குழந்தையிடம் அல்ல, அப்பத்தாவிடம். கிண்ணம் என்ற பேச்சு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. பெட்டியிலிருந்து தன் பழைய பாலாடையை, அதாவது குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணத்தை, எடுத்துக்கொண்டு அடுத்த முறை வந்தார். "இவ அப்பனை இதுலதான் வளர்த்தேன் தாயி. ஒரு நிமிசத்துல உள்ள போயிரும்."

எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் குழந்தையை மல்லாத்திப் போட்டு, ஒரு கையால் இரண்டு கன்னத்தையும் அழுத்தி, மறு கையால் பாலாடையின் மூக்கை வாயோரம் வைத்துச் சாய்ப்பதைச் செய்து காட்டினார். எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் நாம் பார்த்து வளர்ந்த காட்சிதான். பாலாடையில் தவறில்லை. அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே குழந்தையைச் சாய்த்து உட்காரவைத்து, வாய்க்குள் விட்டதை விழுங்கிய பிறகே அடுத்ததை விடுவார்கள். மல்லாத்திப் போட்டு ஊற்றினால் விழுங்குவதா வேண்டாமா என்பது குழந்தையின் கையில் இல்லை. அழும்போது ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். ஏற்கெனவே வாய்க்கருகே எது வந்தாலும் பயப்படும் குழந்தைக்கு இதைச் செய்தால் கிண்ணமும் கைவிட்டுப் போகும்.

இதை நேரடியாகச் சொன்னால் அவர் மனம் புண்படும். மருமகள் எதிரில் சொன்னால் இன்னும் மோசம். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "அம்மா, பின்னால் நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள், நான் ஊற்றுகிறேன், குடித்துப் பாருங்கள்" என்றேன். இரண்டாவது மடக்கிலேயே புரையேறியது. சிரித்துவிட்டு, "சரி, நீ சொல்ற மாதிரியே செய்வோம்" என்றார். அதற்குப் பிறகு அவரைவிடப் பொறுமையாகக் கொடுத்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

முறை இதுதான். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தோளுக்கும் கழுத்துக்கும் பின்னால் ஒரு கை. கழுத்தைச் சுற்றித் துண்டு. கைகளைக் கட்ட வேண்டாம். இந்த வயதில் பாத்திரத்தைப் பிடித்துப் பார்க்க விடுவதே நல்லது. பாதிக்கு மேல் பால் உள்ள சிறு கிண்ணத்தின் விளிம்பு கீழுதட்டில் லேசாகப் படவேண்டும். அடியில் கொஞ்சமாகப் பால் இருந்தால் அதிகம் சாய்க்க வேண்டிவரும், அப்போது மொத்தமாகக் கொட்டும். பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குழந்தை நாக்கை நீட்டி நக்கும், பிறகு உறிஞ்சும், நிறுத்தும். நிறுத்தும்போது கிண்ணத்தை எடுக்காமல் சாய்வை மட்டும் குறைக்க வேண்டும். முகத்தைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. அரை மணிக்கு மேல் இழுக்கக் கூடாது.

பால் எவ்வளவு சாய்கிறது என்று வெளியிலிருந்தே தெரிய வேண்டும் என்பதால், 30 மி.லி. அளவுக்கோடு போட்ட புதிய பிளாஸ்டிக் மருந்துக் கிண்ணத்தில் தொடங்கினோம்.

வேலைக்குத் திரும்பும் முன்

பசி முற்றியிருக்கும்போதோ தூக்கம் சொக்கும்போதோ புதிதாக எதையும் கற்கும் மனநிலை இருக்காது. தாய்ப்பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து, விளையாட்டு முகத்தோடு இருக்கும்போது கொடுக்கச் சொன்னோம். கொடுப்பவர் அப்பத்தா, தாய் வேறு அறையில். தொடக்கத்தில் 10 மி.லி.; குடித்தாலும் சரி, விளையாடினாலும் சரி.

முதல் சில நாள் நக்கிப் பார்த்ததோடு சரி. பிறகு ஒருநாள் 40 மி.லி. குடித்துவிட்டாள் என்று அப்பத்தா சந்தோஷமாகப் போன் செய்தார். கழுத்துத் துண்டைச் சமையல் தராசில் போட்டுப் பார்க்கச் சொன்னேன், காய்ந்த எடை முன்பே குறித்து வைத்திருந்தோம். துண்டு குடித்தது 22 கிராம். ஒரு கிராமை ஒரு மி.லி. என்று வைத்துக்கொண்டால் குழந்தையின் வயிற்றுக்குப் போனது 18. கிண்ணத்தில் கொடுக்கும்போது சிந்துவது இயல்பு. ஆனால் காலியான கிண்ணத்தைப் பார்த்துக் குடித்த அளவைக் கணக்கிடுவது இந்த முறையில் நடக்கும் பெரிய ஏமாற்றம். அதன் பிறகு அந்த வீட்டில் துண்டை எடை போடுவது வழக்கமானது.

திருப்பம் நாங்கள் திட்டமிடாமல் வந்தது. அப்பத்தா காலையில் காபி குடிக்கும்போது குழந்தை அந்த டம்ளரையே கண் எடுக்காமல் பார்ப்பதைத் தாய் கவனித்தார். பிளாஸ்டிக் கிண்ணத்தைவிட அதன் மேல்தான் ஆசை. சரி, அதே போன்ற சின்ன எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள் என்றோம். விளிம்பு வெளிப்பக்கம் மடிந்த நம் ஊர் டம்ளர் கீழுதட்டில் நன்றாக உட்காரும், வெட்டாது. அப்பத்தா ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார், பிறகு குழந்தையின் டம்ளர் அதன் உதட்டுக்குப் போகும். நக்குவதிலிருந்து உறிஞ்சுவதற்கு வந்தது அந்த வாரத்தில்தான். தாய் வேலைக்குத் திரும்பும்போது ஒரு வேளைக்கு 30 மி.லி. வரை துண்டுக்கணக்குக் கழித்து உள்ளே போனது. எடை 6.5 கிலோ.

வேலைக்குத் திரும்பியபின்

தாய் வீட்டில் இல்லாத நேரம் ஒன்பதரை மணி நேரம். மணிக்கு 30 மி.லி. என்ற தோராயக் கணக்குப்படி 280 மி.லி. தேவை. முதல் நாள் உள்ளே போனது மொத்தம் 60-ஐச் சுற்றி. மதியம் நீண்ட நேரம் அழுதிருக்கிறாள். கணவர் மேலே போட்ட பாட்டிலை இறக்கிவிட்டார். அதன் விளைவாக அடுத்த நாள் டம்ளரையும் தட்டிவிட்டாள். பாட்டில்களை அன்றே வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் வீட்டாரிடம் நாங்கள் சொன்னது: மில்லி லிட்டரைத் துரத்த வேண்டாம், 24 மணி நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். பகலில் குறைவாகக் குடிக்கும் குழந்தை தாய் வந்ததும் இரவில் சேர்த்துக் குடித்துக்கொள்ளும். போதுமா என்பதற்கு மூன்று அடையாளங்கள்: நாளொன்றுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போக வேண்டும், விழித்திருக்கும்போது சுறுசுறுப்பு, வாரந்தோறும் எடை. சிறுநீர் குறைந்தாலோ சோர்ந்து கிடந்தாலோ, குடிக்கும்போது இருமி முகம் நீலம் பாரித்தாலோ உடனே வந்துவிட வேண்டும்.

இரண்டு வாரத்தில் எடை 6.6 கிலோதான். இந்த வயதுக்கு எதிர்பார்ப்பதில் பாதி. பவுடர் பால் சேர்ப்பது பற்றி மருத்துவர் அப்போது தீவிரமாக யோசித்தார். சிறுநீர் சரியாகப் போனதாலும் டம்ளரில் குடிக்கும் அளவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்ததாலும் ஒரு வாரம் பொறுத்தார். கூடவே இரண்டு மாற்றங்கள் செய்தோம். தாய் வாசலில் செருப்பு போடும் முன்னும், வீட்டுக்குள் நுழைந்த உடனும் மார்பில் கொடுப்பது. அலுவலகத்தில் இரண்டு இடைவேளையிலும் பால் எடுப்பது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான இடைவேளை போக இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு என்பது அவருடைய மேலாளருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. சட்டத்தின் நகலை எடுத்துக்கொண்டு போனார். பால் எடுக்கப் பழைய கோப்புகள் வைக்கும் அறையின் சாவி கிடைத்தது.

அடுத்த வாரம் எடை சரியாக ஏறியது. மாதக் கடைசியில் பகலில் மூன்று நான்கு வேளையாக 180 முதல் 200 மி.லி. வரை போனது, துண்டில் சிந்துவது கொஞ்சம்தான். ஆறு மாதம் முடியும்போது எடை 7 கிலோ.

இதற்குத் தாய் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து பால் குடிப்பது எட்டு மாதம் வரை நீடித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன் என்றார். அதைக் குறைக்க எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. இரவுச் சமையலைக் கணவர் எடுத்துக்கொண்டது கொஞ்சம் உதவியது.

ஆறு மாதத்துக்குப் பின் ராகிக் கூழ், பருப்புச் சாதம் தொடங்கியபோது டம்ளரில் தண்ணீர் குடிக்க அவளுக்குத் தனியாகப் பழக்க வேண்டியிருக்கவில்லை. ஃப்ரீசரில் இருந்த சோப்பு வாசனைப் பால், உரிய காலக்கெடு தாண்டாதது மட்டும், ஆறிய கூழில் கலந்து செலவானது; அப்படிக் கலந்தால் மறுக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மூன்று வாரம் போதாது. வேலைக்குத் திரும்ப ஒன்றரை மாதம் இருக்கும்போதே தொடங்கினால் முதல் வாரங்களின் எடைத் தேக்கத்தை ஓரளவு தவிர்த்திருக்கலாம். கர்ப்ப காலத்திலேயே விடுப்புக் கணக்கைக் கேட்டு, திரும்பும் தேதியைக் கோப்பில் குறித்துவைப்பதை இப்போது எங்கள் கிளினிக்கில் தொடங்கியிருக்கிறோம்.

ஃப்ரீசரை நிரப்பும் முன் ஒரே ஒரு பையை ஒரு வாரம் வைத்து, எடுத்து முகர்ந்து, குழந்தைக்கும் ஸ்பூனில் கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்தத் தாய் மாதக்கணக்கில் எடுத்துச் சேர்த்த உழைப்பு ஒரு சின்னச் சோதனையில் மிச்சப்பட்டிருக்கும்.

பகலில் பார்த்துக்கொள்ளப்போகிறவரை முதல் சந்திப்பிலேயே அழைக்க வேண்டும். தாய்க்குச் சொல்லிக்கொடுத்து, தாய் போய் மாமியாருக்குச் சொல்லும் ஏற்பாடு எந்த வீட்டிலும் சுமுகமாக நடப்பதில்லை. வரும்போது வீட்டில் இருக்கும் பாலாடையையோ டம்ளரையோ எடுத்து வரச் சொல்கிறோம். அவர் கையால் கொடுப்பதை நேரில் பார்த்த பிறகுதான் அனுப்புகிறோம்.